ஆறாம் அத்தியாயம்: மீத்திறன் மாணாக்கரும் அவர்தம் சொந்த இலக்குகளும்

பள்ளிக்கூடத்தில் ஒரு மாணாக்கன் தேர்ச்சி பெறாமற்போனால், தலைமையாசிரியர் முதல் பெற்றோர் வரை அவனைக் குறித்து எல்லோரும் கவலைப்படுகிறார்கள்; மாலை வகுப்பு வைக்கிறார்கள், ஸ்லிப் டெஸ்ட் நடத்துகிறார்கள், மெல்லக் கற்போருக்கென்று தனிக் கையேடும் தயாரித்துக் கொடுக்கிறார்கள். காலாண்டிலும் அரையாண்டிலும் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்குகிற மாணவியைப் பற்றியோ, ‘அவளுக்கென்ன, சென்டம் போட்டுவிடுவாள்’ என்னும் ஒரே வாக்கியத்தோடு விசாரம் தீர்ந்துவிடுகிறது.

இந்த அத்தியாயம் அந்த மாணவியைக் குறித்தது. ஜூன் மாதம் கைக்கு வந்த பாடப்புத்தகத்தை இரண்டொரு மாதத்தில் தானாகவே படித்து முடித்துவிட்டு, எஞ்சிய காலமெல்லாம் மற்றவர்கள் வந்து சேரட்டும் என்று உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு, காத்திருப்பதையே கல்வியென்று நாம் பழக்கிவிடுகிறோம். பிரயத்தனமில்லாமல் கிடைக்கிற வெற்றி வருஷக்கணக்கில் தொடர்ந்து வந்த பிறகு, மேல்நிலை வகுப்பிலோ கல்லூரியிலோ உண்மையிலேயே கடினமான பாடம் ஒன்று முதன்முதலாக எதிர்ப்படும்போது, முயல்வது எப்படியென்று தெரியாமல் அவள் திகைத்து நிற்கிறாள். தனக்கு அறிவே குறைந்துவிட்டதென்றுகூட எண்ணிக்கொள்கிறாள். தனக்குக் கடினமானது எதுவோ அதைத் தானே தேர்ந்துகொண்டு, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைத் தானே கணித்து, வழி பிசகினால் தானே திருத்திக்கொள்ளும் பழக்கம் பள்ளிப் பருவத்திலேயே அமைந்துவிட்டால் இந்தத் திகைப்புக்கு இடமில்லை. அந்தப் பழக்கத்துக்கு வேண்டிய அவகாசத்தை உண்டாக்கிக் கொடுப்பதும், சாட்சியாக உடனிருப்பதும், காலக்கிரமத்தில் விலகிக்கொள்வதுமே உபாத்தியாயருடைய பங்கு.

1. இவளை எதைக்கொண்டு அளப்பது?

வகுப்புப் பரீட்சை வகுப்புப் பாடத்தை அளப்பதற்காக ஏற்பட்டது. உழக்கை வைத்துக்கொண்டு ஏரியை அளக்க முடியாது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராயிருந்த ஜூலியன் ஸ்டான்லி, கணிதத்தில் அபூர்வ ஆற்றலுள்ள சிறுவர் சிறுமியரைப் பற்றிய ஆராய்ச்சியை 1971-இல் தொடங்கியபோது, அவர்கள் வயதுக்குரிய சோதனைகளால் அவர்களைத் தரம் பிரித்தறிய முடியாது என்பதைக் கண்டார். அச்சோதனைகளில் அவர்கள் எல்லோரும் உச்சியிலேயே குவிந்துவிடுகிறார்கள். ஆகவே, கல்லூரி வாசலில் நிற்கும் பெரிய பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட எஸ்.ஏ.டி. பரீட்சையின் கணிதப் பகுதியை, 1972-இல், ஏழாவது எட்டாவது வகுப்புப் பிள்ளைகளுக்கு வைத்துப் பார்த்தார். பள்ளியில் ஒரே தரத்தினராகத் தோன்றியவர்கள் அந்தப் பரீட்சையில் ஒருவருக்கொருவர் வெகு தூரத்தில் நின்றார்கள்.

நம் பள்ளிகளில் இதைச் செய்வதற்குப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. பாடத்தை நடத்தி முடித்த பிறகு கொடுக்கும் வினாத்தாளை, நடத்துவதற்கு முன்னே கொடுத்துப் பார்த்தால் போதும். பத்துக் கணக்கில் ஒன்பதை அவள் அப்போதே போட்டுவிட்டாளானால், அந்தப் பாடத்தில் அவளுக்கு வேண்டியது எஞ்சிய அந்த ஒரு கணக்குத்தான். மற்ற ஒன்பதையும் வகுப்போடு சேர்ந்து திரும்பப் போடச் சொல்வது நியாயமாகாது. தெரிந்ததைக் கழித்துவிட்டு மிஞ்சும் நேரத்தை உயர்ந்த வேலைக்குத் திருப்பும் இந்த ஏற்பாட்டை, மீத்திறன் கல்வி ஆராய்ச்சியில் பேர்பெற்ற ஜோசஃப் ரென்சுல்லி விரிவாக வகுத்துக் காட்டியிருக்கிறார். வாரத்தில் இரண்டு மூன்று பீரியட் இவ்விதம் மிஞ்சினால், இனிச் சொல்லப்போகும் காரியங்கள் அனைத்துக்கும் அது போதும். இதைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, வீட்டுப்பாட நோட்டில் அந்தப் பக்கங்கள் ஏன் காலியாயிருக்கின்றன என்பதையும் விளக்கி வைத்துவிடுவது விவேகம். நோட்டுத் திருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வரும் அதிகாரிக்கும் ஒரு பதில் வேண்டுமல்லவா?

கடினத்தின் அளவு எப்படியிருக்கும் என்பதை அந்தப் பிள்ளைக்குக் காட்டுவதற்கு ஒரு தகவல் உதவும். 1959-இல் தொடங்கி நடந்துவரும் சர்வதேச கணித ஒலிம்பியாடில் மொத்த வினாக்களே ஆறு. நாளுக்கு மூன்றாக இரண்டு நாள். ஒவ்வொரு நாளும் நாலரை மணி நேரம். அதாவது, ஒரு வினாவுக்குச் சராசரி ஒன்றரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நிமிஷத்தில் விடை வராவிட்டால் தனக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுகிற கெட்டிக்காரப் பிள்ளைக்கு இந்த ஒரு கணக்கே பெரிய உபதேசம்.

2. ராமானுஜன் சரித்திரத்திலிருந்து

கும்பகோணத்து ராமானுஜனுடைய கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். 1904-இல் பள்ளிப் படிப்பை முடிக்கையில் கணிதத்துக்காகப் பரிசு பெற்று, உபகாரச் சம்பளத்தோடு அவ்வூர் அரசுக் கல்லூரியில் சேர்ந்த அவர், கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அந்தச் சம்பளத்தை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. மேதைக்குப் பரீட்சை எதற்கு என்று இந்தக் கதையின் முடிவில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். உபாத்தியாயருக்கு அந்த முடிவால் பிரயோஜனம் ஒன்றும் இல்லை. கணிதம் அவருடைய விருப்பம். ஆங்கிலமும் பிற பாடங்களும் கல்லூரியின் நிபந்தனை. விருப்பத்தையும் நிபந்தனையையும் ஒரே தாளில் எதிரெதிரே எழுதிவைத்து, இதில் இவ்வளவு செய்தால் அதற்கு இவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்று அந்த இளைஞரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்திருந்தால், உபகாரச் சம்பளம் நிலைத்திருக்குமோ என்னவோ, ஒரு பிரயத்தனமாவது நடந்திருக்கும். ஆகையால், மீத்திறன் மாணாக்கருடைய இலக்குத் தாளில் எப்போதும் இரண்டு பத்திகள் இருக்கவேண்டும்: ஒன்று விருப்ப இலக்கு, மற்றொன்று கடமை இலக்கு. கடமைப் பத்தியில் ‘முதல் ராங்க்’ என்று எழுத விடாதீர்கள். ‘இவ்வளவு போதும்’ என்னும் வரம்பு அங்கே எழுதப்படட்டும்.

அதே சரித்திரத்தில் இன்னொரு பாடமும் உண்டு. காகிதத்தின் விலை தாங்காமல் ராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்தார். ஏறக்குறைய 5000 கணித முடிவுகளை மிகச் சுருங்கிய விளக்கத்தோடு அடுக்கிச் செல்லும் கார் என்பவருடைய நூல் அவருக்கு இளமையில் கிடைத்ததும் இந்த எழுதுமுறைக்கு ஒரு காரணமென்பர். 3000-க்கு மேற்பட்ட முடிவுகள் அடங்கிய அந்த நோட்டுகளுக்கு வழி காண்பதற்காக அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ன்ட் பல ஆண்டு உழைத்து, 1985 முதல் 1998 வரை ஐந்து பாகங்கள் வெளியிட வேண்டியிருந்தது. காகிதம் மலிந்துபோன இந்தக் காலத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளும், மனத்திலேயே கணக்குப் போட்டு விடையை மட்டும் எழுதும் சுபாவத்தையே உடையவர்கள். வந்த வழியை எழுதி வைக்காதவருக்கு, எங்கே தடுமாறினோம் என்று திரும்பிப் பார்ப்பதற்கு ஏதும் இருப்பதில்லை. கண்காணித்தல் என்னும் காரியமே வழியை எழுதுவதிலிருந்துதான் தொடங்குகிறது.

3. நல்ல இலக்கின் லட்சணங்கள்

‘உன்னால் இயன்றவரை செய்’ என்று சொல்லி அனுப்புவதைவிடத் திட்டமான, சற்றுக் கடினமான இலக்கைக் குறித்துக் கொடுப்பது அதிகப் பலன் தருகிறதென்று எட்வின் லாக், கேரி லேதம் என்னும் இரு உளவியலாளர் நெடுங்கால ஆராய்ச்சியின் முடிவாக நிறுவியிருக்கிறார்கள். ஆனால், வேலை முற்றிலும் புதிதாகவும் சிக்கலாகவும் இருக்குமிடத்து, இத்தனை மதிப்பெண் எடுக்கவேண்டும் என்ற இலக்கு மனத்தைக் கலக்கிவிடுவதும் உண்டு. இத்தனை வழிகளைக் கண்டறிய வேண்டும், இந்த முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற இலக்கே அங்கே உதவுகிறது என்பதைப் பின்வந்த சோதனைகள் காட்டின. மீத்திறன் பிள்ளைக்கு நாம் கொடுக்க விரும்புவது இத்தகைய புதிய, சிக்கலான வேலையே ஆதலால், அவளுடைய விருப்ப இலக்கில் மதிப்பெண் என்ற சொல்லே வராமலிருப்பது நல்லது.

இலக்கை எவ்வளவு சிறு துண்டுகளாக வெட்டுவது என்பதும் கேள்விதான். ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்கும் 1981-இல் வெளியிட்ட சோதனையில், கழித்தல் கணக்கில் பின்தங்கிய சிறுவர்களுக்கு ஏழு அமர்வுகளில் முடிக்கவேண்டிய 42 பக்கங்களைக் கொடுத்தார்கள். அமர்வுக்கு ஆறு பக்கம் என்று அருகில் இலக்கு வைத்துக்கொண்டவர்கள், மொத்தம் 42 பக்கம் என்று தூரத்தில் மட்டும் இலக்கு வைத்துக்கொண்டவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். அந்தப் பாடத்தில் அவர்களுக்கு ருசியும் மிகுந்தது. இந்த உண்மையை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சிறுவர்கள் பின்தங்கியவர்கள் என்பதை மறக்கலாகாது. விரைந்து கற்கும் பிள்ளைக்கு ஆறு ஆறு பக்கமாக நறுக்கிக் கொடுத்தால் சலிப்புத்தான் மிஞ்சும். பருவத்துக்கு ஒரு பெரிய இலக்கு, அதனுள் மூன்று அல்லது நான்கு படிகள் என்பது அவளுக்குப் பொருத்தம். அந்தப் படிகளையும் அவளே வகுக்கட்டும்.

இலக்கு எழுதியானதும் நான்கு விஷயங்களைச் சோதியுங்கள். அது அவள் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்ததா, நாம் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்ததா? முடிந்ததென்று எதைக்கொண்டு அறிவது என்பது அதில் எழுதியிருக்கிறதா? வேண்டிய புத்தகமோ மனிதரோ கருவியோ எட்டும் தூரத்தில் உண்டா? கடைசியாக, தப்பே நேராமல் இதை அவள் முடித்துவிடக் கூடுமா? இந்த நான்காவது கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வருமானால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். ஏனென்றால் அவள் ஏற்கனவே நிற்கும் இடத்தைத்தான் அது குறிக்கிறது.

4. முதல் சம்பாஷணை

இந்தப் பேச்சை ஸ்டாஃப் ரூமில், மற்ற ஆசிரியர்கள் காதில் விழும்படி நடத்தக்கூடாது. சாப்பாட்டு நேரத்துக்குப் பின்னோ மாலையிலோ காலியான வகுப்பறையில் கால் மணி நேரம் போதும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியோடு கணித ஆசிரியை பேசுவதாகக் கற்பித்துக்கொள்வோம்.

“இந்த வருஷம் என்ன செய்யலாம்னு இருக்கே?”

“மேத்ஸ்ல சென்டம் எடுக்கணும், டீச்சர்.”

“அதுதான் போன வருஷமே எடுத்துட்டியே.”

“இந்த வருஷமும் எடுக்கணும்.”

“சரி, எடு. அதை இந்தப் பத்தியில எழுதிக்கோ. நோட்ஸ்லயும் புத்தகத்துலயும் இல்லாம, உனக்கா ஏதாவது கேள்வி தோணியிருக்கா?”

பிள்ளை தயங்குவாள். இங்கே அவசரப்பட்டு ஐந்தாறு தலைப்புகளை எடுத்து நீட்டிவிடுகிற ஆசிரியர்களே அதிகம். நீட்டியதில் ஒன்றை, டீச்சர் மனம் கோணக்கூடாது என்பதற்காக, அவள் எடுத்துக்கொள்வாள். பொறுத்திருந்தால் பதில் வரும்.

“பகா எண் எண்ணிக்கிட்டே போனா எங்கயாவது நின்னுடுமா, டீச்சர்?”

“நிக்காதுன்னு யூக்ளிட் காட்டியிருக்கார், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே. அதைப் படி. படிச்சதும் உனக்கு அடுத்து என்ன கேள்வி வருதோ, அதை எழுதிக்கிட்டு வா.”

முதல் சம்பாஷணை இவ்வளவோடு நிற்கவேண்டும். இலக்குத் தாளை அன்றே பூர்த்தி செய்ய வேண்டாம். ஒரு வாரம் கழித்து அவள் கொண்டுவரும் கேள்வியைக் கொண்டு இருவரும் சேர்ந்து எழுதும் வாசகம் பின்வருமாறு அமையலாம்:

“அரையாண்டுத் தேர்வு தொடங்குவதற்குள், ஒன்று, பகா எண்கள் முடிவற்றவை என்னும் நிரூபணத்தைப் புத்தகம் பாராமல் எழுதி, தோழி ஒருத்திக்கு விளங்கும்படி சொல்வேன். இரண்டு, நான்கால் வகுத்தால் 3 மிஞ்சும் பகா எண்களும் முடிவற்றவையா என்று நானாக ஆராய்வேன். மூன்று, 1 மிஞ்சும் பகா எண்களுக்கு அதே வழி செல்லுமா என்று பார்த்து, செல்லாவிட்டால் எங்கே நிற்கிறது என்பதை எழுதுவேன்.”

மூன்றாவது படியைக் கவனியுங்கள். வெற்றி பெறுவேன் என்ற வாக்குறுதி அதில் இல்லை. நின்ற இடத்தைச் சொல்வேன் என்பதே வாக்குறுதி. தோல்வியையும் நிறைவேறிய இலக்காக ஆக்கிக்கொள்ள இடம் தரும் இத்தகைய படி ஒன்றாவது ஒவ்வொரு தாளிலும் இருக்கவேண்டும்.

5. குறிப்பேடு

தன்னைத் தானே கண்காணிப்பதற்குக் குறிப்பேடு வைத்துக்கொண்டவர்களுள் பெஞ்சமின் பிராங்க்ளின் பெயர் பிரசித்தமானது. பதின்மூன்று நற்குணங்களைத் தேர்ந்து, குணத்துக்கு ஒரு பக்கமும் நாளுக்கு ஒரு பத்தியுமாகக் கட்டம் போட்டு, தவறிய நாளில் கரும்புள்ளி வைத்து, வாரத்துக்கு ஒரு குணம் என்று வருஷத்தில் நான்கு சுற்று வந்ததாக அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிக் காகிதம் ஓட்டையாகிவிடவே, நனைத்துத் துடைத்துவிடக்கூடிய தந்த ஏடுகளுக்கு மாறினாராம். அவருடைய ஒழுங்கை நாம் கைக்கொள்ளலாம். துடைத்துவிடும் பழக்கத்தையும், பிழையை மட்டும் புள்ளியாக எண்ணும் முறையையும் கைக்கொள்ள வேண்டாம். எதிலும் குற்றமில்லாமலிருக்க வேண்டும் என்று தவிக்கிற பிள்ளையின் கையில் கரும்புள்ளிக் கணக்கைக் கொடுத்தால், புள்ளி விழாத சுலபமான வேலைகளாகப் பார்த்து அவள் தேர்ந்துகொள்வாள்.

நாற்பது பக்கத்து ரூல் போடாத நோட்டு ஒன்று போதும். வாரத்துக்கு இரண்டு தடவை எழுதினால் போதும். மேலே சொன்ன மாணவியின் ஒரு பக்கம் இப்படியிருக்கலாம்:

எடுத்துக்கொண்டது: இரண்டாம், மூன்றாம் படி.

முயன்ற வழி: மிச்சம் 3 வரும் 3, 7, 11 மூன்றையும் எடுத்தேன். 4 × 3 × 7 × 11 − 1 = 923. அது 13 × 71. 13-க்கு மிச்சம் 1. 71-க்கு மிச்சம் 3. பட்டியலில் இல்லாத 71 கிடைத்தது.

நின்ற இடம்: மிச்சம் 1 வரும் 5-ஐ எடுத்து 4 × 5 + 1 = 21 போட்டேன். அது 3 × 7. இரண்டுக்கும் மிச்சம் 3. எனக்கு வேண்டிய எண் கிடைக்கவில்லை.

ஏன் என்று நினைக்கிறேன்: மிச்சம் 1 உள்ளவற்றை எத்தனை பெருக்கினாலும் மிச்சம் 1-தான். ஆனால் மிச்சம் 3 உள்ள இரண்டைப் பெருக்கினாலும் மிச்சம் 1 வந்துவிடுகிறது.

அடுத்து: வேறு மாதிரி எண் கட்டவேண்டும். வர்க்கம் போட்டுப் பார்க்கலாமா?

உதவி: யாரிடமும் கேட்கவில்லை.

இந்தப் பக்கத்தில் விடை இல்லை. ஆனால் நூற்றுக்கு நூறு வாங்கிய எந்த விடைத்தாளைவிடவும் அதிகமான விஷயம் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டை எடுத்து, முறிந்த இடத்தைக் கண்டு, முறிவுக்குக் காரணம் கூறி, அடுத்த வழியை ஊகித்திருக்கிறாள். அவள் ஊகமும் சரியே: (2 × 5)² + 1 = 101 என்பது நான்கால் வகுத்தால் 1 மிஞ்சும் பகா எண். எப்போதும் அவ்வகை எண்ணே ஏன் காரணியாக வருகிறது என்பதற்கு ஃபெர்மாவின் தேற்றம் ஒன்று வேண்டும். அது அடுத்த பருவத்தின் இலக்காகலாம். இவற்றை ஆசிரியர் அப்போதே சொல்லிவிட வேண்டியதில்லை. ஆசிரியருக்கே தெரியாத துறையாயிருந்தாலும் பாதகமில்லை. இந்த ஆறு தலைப்புகளும் நேர்மையாக நிரம்பியிருக்கின்றனவா என்று பார்க்கத் தெரிந்தால் போதுமானது.

6. பதினைந்து நாளுக்கொரு சந்திப்பு

தினமும் நோட்டை வாங்கிப் பார்ப்பது கண்காணிப்பை மறுபடியும் நம் கைக்கே கொண்டுவந்துவிடும். பருவத்துக்கு ஒரு தடவை பார்ப்பது அசிரத்தை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம், நோட்டு அவள் கையிலேயே இருக்க, அவளே வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது நடுவழி. சிவப்பு மை கூடாது. மூன்று கேள்விகளுக்கு மேல் கேட்கவேண்டாம்: எந்த இடத்தில் அதிக நேரம் நின்றாய்? அதைத் தாண்ட என்ன செய்து பார்த்தாய்? அடுத்த பதினைந்து நாளில் எதை மாற்றிக்கொள்ளப் போகிறாய்?

முதல் கேள்விக்கு ‘எங்கேயும் நிற்கவில்லை, டீச்சர்’ என்ற பதில் இரண்டு தடவை தொடர்ந்து வந்தால், அவளைப் பாராட்ட வேண்டாம். இலக்கு தாழ்ந்துவிட்டது என்று கொண்டு உயர்த்துங்கள். ‘எல்லா இடத்திலும் நின்றேன்’ என்றால், நடுவில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது, அதைச் சேருங்கள்.

பாராட்டுவதிலும் ஒரு முறையுண்டு. கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ‘நீ புத்திசாலி’ என்று புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், அதன்பின் தங்கள் புத்திசாலித்தனத்துக்குக் குறைவு வராத எளிய வேலைகளையே பெரும்பாலும் நாடினார்கள். கடினமான வினாக்களில் தவறியபோது விரைவில் சோர்ந்தார்கள். முயற்சிக்காகப் புகழப்பட்டவர்களோ புதிதாகக் கற்றுக்கொள்ள இடமிருந்த வேலைகளை விரும்பினார்கள். ஆகையால், ‘பலே, ஜீனியஸ்!’ என்பதை விட்டு, ‘21-இல் வழி முறிந்ததைக் கண்டுபிடித்து, காரணத்தையும் எழுதியிருக்கிறாயே, அது நல்ல வேலை’ என்று காரியத்தைச் சுட்டிப் பாராட்டுவது மேல்.

7. மாற்றுவதும் கைவிடுவதும்

மதுரைப் பக்கத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் அத்தனையையும் படித்துவிடுவதென்று இலக்கு வகுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். எழுத்துகளை இரண்டு வாரத்தில் கற்றுவிடுவான். ‘ழ’, ‘ள’, ‘ற’, ‘ன’ ஆகியவற்றுக்கென்று அமைந்த தனி வடிவங்களையும் இனங்கண்டுகொள்வான். பிறகு ஐராவதம் மகாதேவனுடைய தொகுப்பைப் பார்த்ததும், ஒரு வரிக்கே அறிஞர்களிடையே எத்தனை பாடபேதமும் விவாதமும் இருக்கின்றன என்பது தெரியவரும். அப்போது அவன் இலக்கைச் சுருக்கி, நெடுஞ்செழியன் பெயர் வரும் மாங்குளத்துக் கல்வெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் வாசகங்கள் எங்கெங்கே, ஏன் வேறுபடுகின்றன என்று எழுதத் தீர்மானித்தால், அது பின்வாங்கல் ஆகாது; விஷயத்தின் ஆழத்தை அறிந்ததற்கு அடையாளம். ‘போர் அடிக்கிறது’ என்று ஒரு வாரத்தில் விட்டுவிடுவது வேறு.

இரண்டையும் பிரித்தறிய ஒரு விதி போதும்: இலக்கை மாற்றலாம், கைவிடலாம், ஆனால் அதற்குமுன் காரணத்தைக் குறிப்பேட்டில் அரைப் பக்கம் எழுதவேண்டும், அதன்பின் ஒரு சந்திப்பு வரையில் பொறுக்கவேண்டும். அரைப் பக்கம் எழுத முடிகிற காரணம் பெரும்பாலும் நல்ல காரணமாகவே இருக்கும்.

8. வீட்டாருக்கு

“எங்க பொண்ணு நல்லாப் படிக்கிறா, டீச்சர், இதெல்லாம் எதுக்கு? டியூஷனுக்கு நேரம் போதலையே” என்று தாயார் வந்து நின்றால், கோபித்துக்கொள்ள வேண்டாம். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ்., ஒன்பதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, பிறகு பொதுத்தேர்வு, அதன்மேல் நீட் என்று, கெட்டிக்காரப் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வரிசையாகப் பரீட்சைகள் காத்திருக்கின்றன. அவற்றுள் சில குடும்பத்துக்குப் படிப்புச் செலவையே மிச்சப்படுத்துவன. கடமைப் பத்தியை அவரிடம் முதலில் காட்டுங்கள். அந்தப் பரீட்சைகளுக்கு அதில் இடம் இருப்பதைச் சுட்டுங்கள். பிறகு விருப்பப் பத்தியைக் காட்டி, இதில் பெற்றோர் செய்யவேண்டிய உதவி ஒன்றே என்று சொல்லுங்கள்: வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம், எந்த வேலையும் ஏவாமல் அவளை விட்டுவிடுவது. அண்ணனோ தம்பியோ இதே வயதில் என்ன செய்தான் என்ற ஒப்பீடு அந்த ஒரு மணி நேரத்துக்குள் நுழையாதிருந்தால், அது இன்னும் பெரிய உதவி. குறிப்பேட்டை வீட்டார் கேட்டு வாங்கிப் படிக்கலாகாது; அவளாகக் காட்டினால் பார்க்கலாம்.

9. முதல் ஐந்து வாரத்தில் செய்யவேண்டியவை

முதல் வாரம்: அடுத்து நடத்தப்போகும் பாடத்தின் வினாத்தாளை முன்னதாகவே கொடுத்து, யாருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறதென்று பாருங்கள், மிஞ்சும் பீரியட்டுகளைக் குறித்துக்கொண்டு தலைமையாசிரியரின் சம்மதம் பெறுங்கள்.

இரண்டாம் வாரம்: முதல் சம்பாஷணை. தலைப்பு எதையும் நீங்கள் கொடுக்கவேண்டாம்.

மூன்றாம் வாரம்: இரண்டு பத்திகள் கொண்ட இலக்குத் தாள். நான்கு சோதனைகளும் செய்து, நின்ற இடத்தைச் சொல்லும் படி ஒன்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பேட்டையும் அன்றே தொடங்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் வாரம்: முதல் சந்திப்பு, மூன்று கேள்விகள் மட்டும்.

முதல் பருவத்தில் சந்திப்புக்கு நீங்கள் கூப்பிடவேண்டியிருக்கும். இரண்டாம் பருவத்தில் நாள் குறிப்பதை மாணவியிடமே விட்டுவிடுங்கள். மூன்றாம் பருவத்தில் அந்த மூன்று கேள்விகளையும் நீங்கள் கேட்குமுன்னரே அவள் எழுதிக்கொண்டு வருகிறாளா என்று பாருங்கள். வந்தால், அந்தப் பிள்ளையைப் பொறுத்தமட்டில் உங்கள் வேலை முடிந்தது. அந்தப் பத்து நிமிஷத்தை வகுப்பில் அடுத்தபடியாக யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கத் தொடங்கலாம்.